நான் தையல் படிக்கவில்லை

குன்னூர்
16.6.1996

அன்புள்ள மதினிக்கு,

இசக்கி எழுதுகிறேன். இங்கே வந்து பன்னிரண்டு நாளாகிறது. மழை விடவில்லை, ஆனால் எனக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. உங்கள் மூட்டுவலி தேவலையா? அண்ணன் சுகமா? செல்லக்கண்ணு ஃபேக்டரி ஆபீசுக்குக் குடை எடுத்துக்கொண்டு போகிறாளா, இல்லை வழக்கம்போல நனைகிறாளா?

பெட்ஃபோர்டுக்குக் கீழே ஓர் அறை கிடைத்திருக்கிறது. காலையில் தேயிலைப் பொட்டலம் போடும் வேலை. மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். நாலு மணிக்கு மணப்பெண் அலங்கார வகுப்பு. உங்கள் தம்பி என்னைத் தனியாக விட்டுவிட்டு லாரியோடு பள்ளத்தில் போன பிறகு மூன்று வருஷம் உங்கள் கையால்தான் சோறு தின்றேன். கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பு ஒரு மாடியில் நடக்கிறது. ஹெர்பர்ட் என்பவரின் மனைவி நடத்துகிறார். எல்லோரும் ஹெர்பர்ட் டீச்சர் என்கிறோம். முதல் நாளே, "ஜோடி ஜோடியா உக்காருங்க, ஒருத்தர் முகத்துல ஒருத்தர் பழகணும்" என்றார். என் பக்கத்தில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். "அக்காவுக்கு எத்தனை குழந்தைங்க?" இல்லை என்றேன். "ஊட்டுக்காரருக்கு என்ன வேலைங்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் தன் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு, "இங்க வெளிச்சம் பத்தலைங்க" என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம்.

நாங்கள் பதினோரு பேர். எப்படியும் ஒருத்தி மிஞ்சத்தான் வேண்டும். டீச்சர் எனக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். என் முகத்தில் நானே பழகுகிறேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. அழுத்திவிட்டால் எங்கே வலிக்கிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

பதில் போடுங்கள்.

உங்கள்
இசக்கி

---

மஞ்சூர்
9.7.1996

அன்பு இசக்கிக்கு பாலாமணியின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் இருக்கும். காற்றில் தகரம் பறக்காத வீடு லைனில் எங்கள் வீடு ஒன்றுதான். அந்த மட்டில் சுகம். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் நல்லாயிருக்கிறார். காய்கறி லோடு விஷயமாகக் கூடலூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் வந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாவை உனக்குத் தெரியுமே. "இசக்கி எங்க, ஆளைக் காணோம்" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். குன்னூரில் தையல் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அதுவும் நல்ல தொழில்தானே? அங்கே தையல் வகுப்பும் இருக்கும், விசாரித்துப் பார்.

கல்யாணப் பெண்ணைத் தொட்டு அலங்காரம் செய்கிற வேலையை உனக்கு யார் கொடுப்பார்கள் என்று யோசித்தாயா? நான் மாட்டேன் என்றா சொல்கிறேன்? ஊர் எப்படி என்று உனக்கே தெரியும். படித்து முடித்த பிறகு வருத்தப்படக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு படு.

பாலாமணி

---

குன்னூர்
28.7.1996

அன்புள்ள மதினிக்கு,

நான் நலம். நீங்கள் சொன்னபடியே இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். அண்ணன் கூடலூரிலிருந்து வந்துவிட்டாரா?

மூக்கம்மாவிடம் நான் தையல் படிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவள் ஜாக்கெட் துணியோடு வந்து நின்றால் எனக்கு ஓரம் மடிக்கக்கூடத் தெரியாது.

எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது. பெயர் தபித்தாள், புதிதாகச் சேர்ந்த கட்டபெட்டுப் பெண். அவர்கள் சபையில் பவுடர் பூசினாலே பாவமாம். அதனால் மற்றவர்கள் அவளோடு உட்காரப் பயப்பட்டார்கள், யார் வந்து சண்டை போடுவார்களோ என்று. அவள் நேராக என் எதிரில் ஸ்டூலைப் போட்டு, "அக்கா, உங்களைத் தொட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. என்னைத் தொட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள். அவளும் வீட்டில் தையல் என்றுதான் சொல்லியிருக்கிறாளாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தையல்காரிகள்தான் போலிருக்கிறது.

டீச்சர் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார். வெயில் ஊர்க்காரர்கள் எழுதிய புத்தகம். வியர்க்காமல் இருக்க முதலில் ஐஸ் கட்டியை முகமெல்லாம் தேய்க்க வேண்டுமாம். ஜூலை மாதக் குன்னூரில் ஐஸ்! தபித்தாளுக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. பவுண்டேஷன் குச்சியும் அப்படித்தான். குளிரில் கல்லாகக் கிடக்கிறது, பூசினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. சூடான கடுந்தேநீர் டம்ளர் மேல் குச்சியைப் படுக்கவைத்து இளக்கிக்கொள்கிறேன். முகத்துக்கும் வெந்நீரில் பிழிந்த துண்டைப் போட்டால் படிகிறது.

"கல்யாணப் பொண்ணுன்னா உள்ள நிறத்துக்கு ரெண்டு படி வெளுப்பாத் தெரியணும்" என்பது டீச்சரின் கட்டளை. ஒருநாள் என் இடது கன்னத்தில் அவர் சொன்ன வெளுப்பையும், வலது கன்னத்தில் நாடகக்காரர்கள் பூசுகிற பழுப்பைக் கலந்து நான் செய்ததையும் பூசி, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இடது பக்கம் அடுப்புச் சாம்பல். வலது பக்கம் நான். "போட்டோல சரியா இருக்கும்" என்றார் டீச்சர். போட்டோவும் எடுத்தோம். அதிலும் சாம்பல்தான். மறுநாள் டீச்சர் என் டப்பாவைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்தார்.

முழு அலங்காரம் சொந்த முகத்தில் முப்பது தடவை பழகி நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மொத்தம் பதினான்கு படிகள். கடைசிப் படி நெற்றிப் பொட்டு. முதல் தடவை பதின்மூன்றோடு நிறுத்திவிட்டேன். டீச்சர் காரணம் எதுவும் கேட்காமல் நோட்டில் ‘முழுமையில்லை’ என்று எழுதினார். மறுநாள் வைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு. கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினேன்.

சான்றிதழ் வேண்டுமென்றால், நிஜமான மணப்பெண்கள் இரண்டு பேருக்கு அலங்காரம் செய்து போட்டோ காட்ட வேண்டும். ஒன்று சர்ச் கல்யாணம், ஒன்று பந்தல் கல்யாணம். பெண்ணின் அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரிக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

செல்லக்கண்ணுவுக்கு என் அன்பு.

இசக்கி

---

மஞ்சூர்
12.8.1996

என் பிரியமான அத்தைக்கு,

செல்லக்கண்ணு எழுதறேன். நல்லாயிருக்கேன், குடை இல்லாமல்தான் போறேன், திட்டாதீங்க. அம்மா தபாலில் போடக் கொடுத்த கடிதம் எதுவும் இல்லாததால் நானே எழுதறேன்.

என்னைப் பெண் பார்த்துட்டுப் போயிட்டாங்க! இத்தலார் பக்கம். மாப்பிள்ளைக்குப் பவர் ஹவுசில் வேலை. காது கொஞ்சம் பெரிசு, மத்தபடி நல்ல மாதிரி. "பஸ் நின்னுபோனா நடந்தே வருவீங்களா?"ன்னு கேட்டேன். "எப்பவும் அப்படித்தான் வர்றேன்"னார். எனக்குப் பிடிச்சிருக்கு. தையில் கல்யாணம் இருக்கும்.

எனக்கு நீங்கதான் மேக்கப் போடணும். அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா உடனே அரிசி புடைக்க ஆரம்பிச்சாங்க. புடைச்ச அரிசியையே மறுபடியும் புடைச்சாங்க. அப்பா எங்கேன்னு உங்களுக்கு என்ன எழுதறாங்கன்னு தெரியாது, நானும் கேட்டுக்கறதில்லை.

ஐஸ் வேண்டாம் அத்தை. கடுந்தேநீர் டம்ளர் போதும்.

உங்கள்
செல்லக்கண்ணு

---

குன்னூர்
25.8.1996

அன்புள்ள மதினிக்கு,

இங்கே சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

செல்லக்கண்ணுவின் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுத் தபித்தாளுக்கும் வாசித்துக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷம். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு ஓடியவர் உங்கள் தம்பி.

ஒன்று நேராகவே கேட்கிறேன். அவளுடைய கல்யாணத்துக்கு நான் அலங்காரம் செய்யட்டுமா? படிவத்துக்காக மட்டும் கேட்கவில்லை. படிவத்துக்காகவும்தான் கேட்கிறேன். இங்கே இரண்டு பந்தல் கல்யாண வீட்டில் பேசி முடித்தாயிற்று. பிறகு என்னைப் பற்றி விசாரித்துவிட்டு, "வேற ஆள் வந்துட்டாங்க" என்றார்கள். மூன்றாவது வீடு என்னுடைய வீடாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முடியும் என்றாலும் முடியாது என்றாலும் எழுதிவிடுங்கள்.

இசக்கி

---

மஞ்சூர்
30.11.1996

அன்பு இசக்கிக்கு ஆசீர்வாதம்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை மேல் வேலை. பனி இறங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி கிடக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

செல்லக்கண்ணுவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் ஆகிவிட்டது. திடீரென்று வைத்ததால் யாருக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நீ மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணன்தான் எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தார். தை இருபதாம் தேதி, ஞாயிறு, கல்யாணம். போட்டோ இன்னும் வரவில்லை.

வேறொன்றுமில்லை. அவள் கன்னம் இரண்டும் வெடித்துத் தோல் உரிகிறது. இடது பக்கம் லேசாக ரத்தம்கூட வந்தது. பனியால்தான் இருக்கும். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, என்ன போடலாம்?

பாலாமணி

---

குன்னூர்
6.12.1996

அன்புள்ள மதினிக்கு,

உங்களுக்கும் செல்லக்கண்ணுவுக்கும் சுகம் உண்டாகட்டும்.

முதலில் கன்னம். சோப்புப் போட வேண்டாம். கிளிசரினில் பன்னீர் கலந்து, ஈரம் காய்வதற்குள் தடவச் சொல்லுங்கள். பத்து நாள் அடுப்புக்கு நேராக முகத்தைக் காட்டக் கூடாது. உரியும் தோலைப் பிய்க்கக் கூடாது, அவள் பிய்ப்பாள்.

அது பனியால் வெடித்ததில்லை. நிச்சயத்துக்கு அலங்காரம் செய்ய கோயம்புத்தூரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் செய்கிற மாதிரியே ஐஸ் தேய்த்திருக்கிறார்கள். கார்த்திகை மாதக் காலையில், உறைபனியில். அந்தம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு நம் குளிர் தெரியாது. உங்களுக்குத் தெரியும். போட்டோ வராமல் இருக்காது, வந்திருக்கும். செல்லக்கண்ணு அதில் சாம்பல் நிறத்தில் இருப்பாள்.

நிச்சயம் நடந்தது எனக்கு அன்றே தெரியும். மஞ்சூர் பஸ் கண்டக்டர் சொன்னார், கோயம்புத்தூர் அம்மா வந்ததையும் சேர்த்து. "என்னங்க, உங்கூட்டு விசேஷத்துக்கு நீங்க போகலீங்களா?" என்று கேட்டார். டிக்கெட் வாங்காத ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. என் முதல் மணப்பெண் அலங்காரம் முடிந்துவிட்டது. தபித்தாளின் சித்தி மகள் லோயிஸ், கட்டபெட்டில் சர்ச் கல்யாணம். அவர்கள் போதகர் சுவிசேஷமுத்து ஐயா, மை தீட்டிய பெண்ணுக்குத் தாலி எடுத்துக் கொடுக்க மாட்டாராம். பெண்ணுக்கோ ஆசை. பூசியது தெரியாமல் பூசினேன். அவள் நிறத்திலேயே நாலு மெல்லிய பூச்சு, இமையில் மயிரிழை அளவு மை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. போதகர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரசங்கத்தில் சொன்னார்: "இந்தப் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பூச்சும் இல்லை. கர்த்தர் கொடுத்த முகம்!" தபித்தாள் இருமுகிற சாக்கில் வெளியே ஓடிப்போய்விட்டாள். லோயிஸின் அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்டில் நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

இசக்கி

---

மஞ்சூர்
22.12.1996

அன்பு இசக்கிக்கு,

பாலாமணி ஆசீர்வாதம். எங்கள் எல்லோருக்கும் சுகமே. கிளிசரின் போட்டதில் கன்னம் ஆறிவிட்டது. போட்டோ வந்தது. நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

செல்லக்கண்ணு பிடிவாதம் பிடிக்கிறாள். நீ வராவிட்டால் வெறும் முகத்தோடு உட்காருவேன் என்கிறாள். நானும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீ முதல் நாளே வந்துவிடு. விடிவதற்கு முன்னால் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அலங்காரத்தை முடித்துவிடு. அந்தத் தபித்தாளையும் கூட்டி வா. அவள் செய்ததாகச் சொல்லிவிடலாம். முகூர்த்தம் முடிகிறவரை நீ சமையல்கட்டுப் பக்கம் இருந்துகொள். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உனக்கும் காரியம் ஆகும், எனக்கும் பேச்சு வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் நீ குன்னூர் பஸ் ஸ்டாண்டில் முகம் நிறையப் பூச்சும் நெற்றியில் பொட்டுமாக நின்றாய் என்று உன் அண்ணன் சொன்னார். "உன் தம்பி பொண்டாட்டிக்கு வெட்கம் விட்டுப்போச்சு" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் மேடையில் உட்கார வேண்டியவர். அவர் மனசு கோணாமல் நடக்க வேண்டாமா?

யோசித்து எழுது.

பாலாமணி

---

குன்னூர்
29.12.1996

மதினிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படி இருக்க வேண்டும் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உங்கள் வழி எனக்கு வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு செய்ய நான் ஒன்றையும் திருடவில்லை. என் வேலையைத் தபித்தாள் பெயரில் சொல்லவும் மாட்டேன். அவளும் ஒப்புக்கொள்ள மாட்டாள். முந்தாநாள்தான் வீட்டில் தையல் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு நாளாக அவளுடன் யாரும் பேசவில்லையாம். "நிம்மதியா இருக்குங்க்கா" என்கிறாள்.

பஸ் ஸ்டாண்டு விஷயம் உண்மைதான். அன்று என் முப்பதாவது முகம். டீச்சர் நோட்டில் ‘முழுமை’ என்று எழுதினார். எண்ணெய்ப் பாட்டில் கையிலேயே இருந்தது. துடைக்கவில்லை. மறந்துபோய் இல்லை, துடைக்க வேண்டாம் என்றுதான். அப்படியே மாடியிலிருந்து இறங்கி, மார்க்கெட் வழியாக நடந்து, தபித்தாளைக் கோத்தகிரி பஸ் ஏற்றிவிடப் போனேன்.

அண்ணன் உங்களிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் இரண்டு மாதமாக மனசிலேயே வைத்திருந்தேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். அவர் கூடலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். அவர் தோளில் அந்தப் பெண்ணின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, ஒன்றரை வயதிருக்கும். அவர் சால்வையைத்தான் அதற்குப் போர்த்தியிருந்தார். போன வருஷக் கார்த்திகை தீபத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த சால்வை.

அந்த நிலையில் என்னைப் பார்த்து, "என்ன கோலம் இது இசக்கி? தாலியறுத்தவ செய்யற வேலையா?" என்றார்.

"பரீட்சைக்குப் பழகறேன் அண்ணே. நீங்க எதுக்குப் பழகறீங்க?" என்று கேட்டேன்.

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்கள்.

வேண்டுமென்று விட்டுப்போனவர் மேடையில் உட்காரலாம். போக மனமில்லாமல் லாரியோடு உருண்டவரின் பெண்டாட்டி சமையல்கட்டில் உட்கார வேண்டும். இது யார் போட்ட கணக்கோ எனக்குத் தெரியாது. நான் அதற்கு உட்பட மாட்டேன்.

செல்லக்கண்ணுவுக்கு நான் அலங்காரம் செய்தால் பகல் வெளிச்சத்தில், கதவைத் திறந்துவைத்துத்தான் செய்வேன். இல்லையென்றால் செய்யவில்லை. சான்றிதழ் போனாலும் போகட்டும். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இசக்கி

---

மஞ்சூர்
23.1.1997

இசக்கிக்கு,

சுகம் என்று எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். மூன்று காகிதம் போயிற்று. இது நாலாவது.

எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். ஆண் குழந்தை என்பதும் தெரியும். நிச்சயத்துக்கு வந்தார் என்று எழுதினேனே, தட்டு மாற்றுகிற நேரத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மதிய பஸ்ஸில் போய்விட்டார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று இருந்தேன். நீ இந்த வீட்டில் இருந்த வரைக்கும் உனக்குத் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். நீ குன்னூர் போகிறேன் என்றபோது நான் தடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாணத்துக்கு வரச் சொல்லி அவருக்கு எழுதியிருக்கிறேன். அவர் பெண், அவர் உட்காரட்டும். அதைத் தடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. இருக்கிற தைரியத்தைச் சொல்கிறேன்.

பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை வந்துவிடு. கதவைத் திறந்தே வைக்கிறேன்.

பாலாமணி

---

குன்னூர்
26.1.1997

அன்புள்ள மதினிக்கு,

கடிதமும் பத்திரிகையும் கிடைத்தன. தங்கத்தை விட ஜாக்கிரதையாக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறந்துவைத்தால் பனிக்காற்று நேராக முகத்தில் அடிக்கும், பூச்சு படியாது. அறைக்குள் கரி அடுப்பு ஒன்று வேண்டும். கதவைச் சாத்த வேண்டியதில்லை.

மூட்டுக்கு ஒத்தடம் கொடுங்கள். அன்றைக்கு நீங்கள் நிறைய நிற்க வேண்டியிருக்கும்.

இசக்கி

---

மஞ்சூர்
16.2.1997

அன்பு இசக்கிக்கு,

பாலாமணி ஆசீர்வாதத்துடன் எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. செல்லக்கண்ணு இத்தலாரிலிருந்து போன வாரம் வந்து போனாள். சந்தோஷமாக இருக்கிறாள். பனியும் குறைந்திருக்கிறது.

நீ கல்யாணத்தன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். நம்மால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூக்கம்மா மூன்று தடவை வாசலுக்கு வந்தாள். மூன்று தடவையும் "சும்மா எட்டிப் பார்த்தேன்" என்றாள். நாலாவது தடவை உள்ளேயே வந்துவிட்டாள். நீ கண்ணுக்கு மை தீட்டி, உதட்டை முடித்து, பூவைச் சரிசெய்து, கடைசியில் குங்கும டப்பாவை எடுத்தாய். அப்போதுதான் அவள், "எல்லாஞ் சரி, பொட்டு மட்டும் சுமங்கலி கையால வைக்கட்டும். பாலாமணி, நீ வா" என்று டப்பாவை உன் கையிலிருந்து பிடுங்கி என் கையில் திணித்தாள்.

பதினான்காவது படி என்று நீ ஆடி மாதம் எழுதியிருந்தாய். அது எனக்கு ஞாபகம் வந்தது. நீ கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். பந்தலில் உன் அண்ணன் யாருடனோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. மூக்கம்மா என்னைச் சுமங்கலி என்றது அந்தச் சத்தத்தை நம்பித்தான். என் நெற்றியில் இருக்கிற பொட்டு எதன் பேரில் இருக்கிறது என்று அந்த அறையில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். செல்லக்கண்ணுவுக்கும் தெரிந்திருக்கும். அவள்தான் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே.

"ஆரம்பிச்சவ அவ, அவளே முடிக்கட்டும்" என்று டப்பாவை உன்னிடம் கொடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனதே, நீயும் கவனித்திருப்பாய்.

நீ வைத்த பொட்டு. போட்டோவைப் பார், நேராக இருக்கிறது.

உன் அண்ணன் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸில் போனார். போகும்போது, "யாரு மேக்கப்பு? கண்ணு நல்லா லட்சணமா இருந்துச்சு" என்றார். "உங்களைக் கேள்வி கேட்டவதான்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே ‘குறிப்பு’ என்று ஓர் இடம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘என் பெண் என் பெண் மாதிரியே இருந்தாள்’ என்று எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் உன் டீச்சர் அடித்துத் திருத்திக்கொள்ளட்டும்.

மூக்கம்மாவின் பேத்திக்குப் பங்குனியில் கல்யாணம். நேற்று இருட்டுகிற நேரத்தில் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இசக்கியோட அட்ரஸ் கொடேன்" என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். "தையலுக்குத்தான்" என்றாள்.

அந்த அட்ரஸில் தையல்காரி யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு வருவாள். எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லட்டும், கொடுக்கிறேன்.

உன்
மதினி
பாலாமணி